வேடிக்கை பார்த்தவளின் பட்டியல்

எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீடியோ கேம்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஜாய்ஸ்டிக்கோடு வளர்ந்தவர்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள். கோவில்பட்டியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பித்தது. மூன்று டிவி, மூன்று டிவி கேம் பெட்டி, கொஞ்ச நாளில் ஒரு பழைய 486 கம்ப்யூட்டர். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும் அப்பா சாப்பிடக் கிளம்புவார். நோட்டில் நேரம் குறிப்பதும் காசு வாங்கிப் போடுவதும் என் வேலை. ஆட வருகிறவர்கள் எல்லாம் பையன்கள். ஒருவன் ஆடினால் அவன் தோளுக்குப் பின்னால் நாலு பேர் ஓசியில் நிற்பார்கள். அவர்களை அப்பா விரட்டியதே இல்லை. கூட்டம் நிற்கிற கேமுக்குத்தான் அடுத்தவன் காசை எடுப்பான் என்பது அவருடைய வியாபாரக் கணக்கு.

அந்தக் கணக்குதான் இந்தப் பட்டியலுக்கு விதி. ஆடுகிறவருக்குப் பிடித்தால் மட்டும் போதாது, பின்னால் நிற்கிறவருக்கும் நகர மனசு வரக்கூடாது. கிராபிக்ஸ், விற்பனை, விருது எல்லாம் அதற்கப்புறம். யார் முதலிடம் என்று கடைசிவரை இழுக்கிற வழக்கமும் எனக்கு இல்லை. முதலிடம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’. 1989-இல் வந்த பழைய கேமைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு அதே பெயரில் வந்தவற்றை அல்ல.

கதை ஒரு வரிதான். மந்திரி ஜாஃபர் இளவரசியைச் சிறைப்பிடித்துக் கெடு வைக்கிறான். பாதாளச் சிறையில் கிடக்கிற நாயகன் 60 நிமிடத்துக்குள் மேலே ஏறி அவளை மீட்க வேண்டும். இந்த 60 நிமிடம் நிஜமான 60 நிமிடம். நாயகன் செத்தால் அந்த லெவலின் ஆரம்பத்துக்குப் போவான், ஆனால் போன நேரம் திரும்பாது. எங்கள் கடையில் கம்ப்யூட்டருக்கு வாடகை மணிக்கணக்கு. ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டினால் சரியாக ஒரு முழு ஆட்டம். இந்தக் கேமை எவனோ கடைக்காரன்தான் செய்திருக்க வேண்டும் என்று அப்பா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

செய்தவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர். கல்லூரியில் படிக்கும்போதே ‘கராத்தேகா’ என்று ஒரு சண்டை கேம் எழுதிப் பெயர் வாங்கியவர். அடுத்த கேமில் மனிதன் மனிதனைப் போலவே ஓட வேண்டும், தாவ வேண்டும் என்று ஆசைப்பட்டார். தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டு, ஓடு, குதி, சுவரைப் பிடித்து ஏறு என்று வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டிவியில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் புகைப்படம் பிடித்து, அச்சுப் போட்ட படங்களில் உருவத்தை மையால் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். வாள் சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹுட் படத்தின் காட்சிகளைப் பார்த்து வரைந்தார். இசை அவருடைய அப்பா பிரான்சிஸ் மெக்னர். ஒரு குடும்பமே சேர்ந்து செய்த கேம் என்று சொன்னால் தப்பில்லை.

எங்கள் கடையில் கூட்டம் நின்றதற்குக் காரணம் அந்தத் தம்பியின் உடம்புதான். மற்ற கேம்களில் குதித்தால் பொம்மை குதித்த மாதிரி இருக்கும். இதில் நாயகன் நாலு எட்டு ஓடி, எம்பி, எதிர்ச் சுவரின் விளிம்பை விரல் நுனியில் பிடித்துத் தொங்குவான். பின்னால் நிற்கிற பையன்களின் கைகளும் கூடவே மேலே போகும். தரையில் மிதித்தால் உதிர்கிற கல், ஆளை இரண்டாக நறுக்குகிற கத்திக் கதவு, அடியில் ஈட்டி முளைக்கும் குழி. ஒவ்வொரு சாவுக்கும் கடை முழுக்க ஒரே குரலில் ‘ஐயோ’ வரும்.

இதில் நான் அதிகம் ரசிப்பது நிழல் மனிதனை. கேமை எழுதியது ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில். அதன் நினைவகம் இன்றைய ஒரு புகைப்படத்தைக்கூடத் தாங்காது. நாயகனின் அசைவுப் படங்களே இடத்தை அடைத்துக்கொண்டதால் எதிரி என்று இன்னொரு உருவத்தை வைக்க இடம் இல்லை. சண்டையே இல்லாத கேமா, சண்டை வை என்று டோமி பியர்ஸ் என்ற தோழி மெக்னரை விடாமல் நச்சரித்தார். கடைசியில் கிடைத்த வழி இது: நாயகனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து, ஒன்றோடொன்று கழித்துவிட்டால் மினுமினுக்கிற பேய் மாதிரி ஓர் உருவம் வரும். புதிய படம் எதுவும் வேண்டாம், இடமும் வேண்டாம். எதிரி தயார்.

நாலாவது லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதைப் பாய்ந்து கடந்தால், மறுபக்கத்திலிருந்து நம் நிழல் குதித்து ஓடிவிடும். நம் உயிர் ஒற்றைப் புள்ளியாகக் குறைந்துவிடும். அப்புறம் அது நமக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டுப் போகும், நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடும். பன்னிரண்டாவது லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் வெட்டு நமக்கே விழும். கொன்றால் நாமும் சாவோம். ஊரில் எல்லாரும் இதில்தான் செத்தார்கள். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதைக் கண்டுபிடித்தவன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு பையன். அன்றைக்கு அவனுக்கு அடுத்த ஒரு மணி நேரம் இலவசம் என்று அப்பா அறிவித்தார். இடப்பற்றாக்குறையில் பிறந்த ஒரு தந்திரம் கதையின் மையமாகவே மாறிவிட்டதே, அதற்காகத்தான் முதலிடம்.

ஆப்பிள் 2 காலாவதியாகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்ததால் ஆரம்பத்தில் இது சரியாக விற்கவில்லை. மற்ற கம்ப்யூட்டர்களுக்கு மாற்றிய பிறகுதான் உலகம் சுற்றியது. கேமின் மூல நிரல் தொலைந்துபோனதாகவே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2012-இல் மெக்னரின் அப்பா ஒரு பெட்டியைக் கிளறும்போது பழைய பிளாப்பிகளில் அது கிடைத்தது. இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

இரண்டாவது இடம் ‘டெட்ரிஸ்’. இது முதலிடத்துக்கு வரவேண்டியது என்று யாராவது சண்டைக்கு வந்தால் பாதி வழி நானும் கூடவே வருவேன்.

1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் இதை எழுதினார். அவர் கையில் இருந்த எலெக்ட்ரோனிகா 60 இயந்திரத்துக்குப் படம் வரையவே தெரியாது, எழுத்துகள் மட்டும்தான். ஆகவே அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகள் செய்தார். நாலு சதுரங்களை ஒட்டினால் ஏழு வடிவம்தான் வரும். அந்த ஏழும் மேலிருந்து விழும், நீங்கள் அடுக்க வேண்டும், வரிசை நிறைந்தால் மறையும். ஒரு பாட்டிக்கு ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். உரிமை சோவியத் அரசிடம் போய்விட்டதால், உலகமே ஆடிய கேமுக்கு அதை எழுதியவர் கையில் பெரிதாகக் காசு வர 1996 ஆகிவிட்டது.

நம் ஊரில் டெட்ரிஸ் என்ற பெயரே தெரியாமல் லட்சக்கணக்கானோர் இதை ஆடியிருக்கிறோம். திருவிழாக் கடையிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் தொங்கிய, இரண்டு பென்சில் பேட்டரி போடுகிற ‘பிரிக் கேம்’ ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது இதுவும் இதன் உறவுக்காரர்களும்தான். பையன்கள் நீளக் கட்டையைக் ‘குச்சி’ என்பார்கள். ஓரத்தில் ஒரு சந்து விட்டுக் குச்சிக்காகக் காத்திருப்பது ஒரு தனி ரத்தக்கொதிப்பு. ஆடுகிறவனைவிட பார்க்கிறவனுக்கு அது அதிகம். அடுத்து என்ன வரும் என்று மூலையில் காட்டும் சின்னப் பெட்டியை முதலில் பார்ப்பவன் பின்னால் நிற்கிறவன்தானே!

இதில் யாரும் கடைசிவரை ஜெயிக்க முடியாது. வலப்பக்கமும் இடப்பக்கமும் கோணுகிற இரண்டு கட்டைகள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எப்படி அடுக்கினாலும் ஒருநாள் நிரம்பிவிடும் என்று ஹைடி பர்கியல் என்ற கணித அறிஞர் 1997-இல் நிறுவிக் காட்டினார். ஆனால் இயந்திரத்தைத் தோற்கடிக்கலாம் என்பது அப்புறம் தெரிந்தது. 1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸில் 29-ஆம் லெவலுக்கு மேல் கட்டை விழும் வேகத்துக்கு மனித விரல் ஈடு கொடுக்காது என்று நினைத்திருந்தார்கள். பிறகு ஆட்டக்காரர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். பொத்தானை மேலிருந்து அழுத்தாமல், ஒரு கையின் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் கண்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டுவது. மிருதங்கக்காரர்கள் இந்த வீடியோக்களைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் இப்படித் தட்டித் தட்டி 157-ஆம் லெவலுக்குப் போனபோது, கேம் தாங்க முடியாமல் உறைந்து நின்றது. 34 வருடத்தில் அந்த இயந்திரத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோன முதல் மனிதன் அவன்.

மூன்றாவது ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’, 1985. எங்கள் கடையின் டிவி கேம் பெட்டிகள் எல்லாம் நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்கள். அசலை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கேசட்டைக் கழற்றி அடியில் ஒரு ஊது ஊதிச் சொருகினால் வேலை செய்யும் என்பது ஊர் நம்பிக்கை. மேரியோவை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் செய்தார்கள். மொத்த கேமும் 40 கிலோபைட். அந்தச் சிக்கனம் திரையிலேயே தெரியும்: வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குப் பச்சை, அவ்வளவுதான். நான் இதைச் சொன்ன பிறகு நீங்கள் அந்தக் கேமைப் பழையபடி பார்க்கவே முடியாது, மன்னிக்கவும்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாத பையன்கள் இந்தக் கேமை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று அப்போது யோசித்ததில்லை. முதல் திரையில் மேரியோ இடது ஓரத்தில் நிற்பான், வலது பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டாம். கொஞ்ச தூரத்தில் முறைத்துக்கொண்டு ஒரு குட்டிப் பிசாசு வரும். மோதினால் சாவு, ஆனால் நஷ்டம் நாலு எட்டு நடை மட்டும்தான். அடுத்த முறை குதிப்பீர்கள். குதிக்கும்போது தலை மேலே இருக்கும் கட்டையில் இடிக்கும், காளான் வெளியே வரும். அதையும் பிசாசு என்று நினைத்துத் தப்பிக்கப் பார்த்தாலும், அது குழாயில் மோதித் திரும்பி உங்கள் மேலேயே வந்து ஏறும். பெரிய ஆளாகிவிடுவீர்கள். ஆக, ஒரு வார்த்தை எழுதாமல் முழுப் பாடமும் முடிந்தது. இதெல்லாம் யோசித்து வைத்த இடங்கள் என்று மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார். கோஜி கோண்டோவின் இசை, நேரம் 100-க்குக் கீழே போனதும் ஓட ஆரம்பிக்கும். உள்ளே நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு, திரும்பிப் பார்க்காமலே எவனோ சிக்கலில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ‘காண்ட்ரா எங்கே?’ என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டில் டிவி கேம் ஆடிய யாரும் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். காண்ட்ராவுக்கு என் பட்டியலில் இடம் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம். ஆடுகிறவர்களுக்குச் சொர்க்கம், ஒத்துக்கொள்கிறேன். பார்க்கிறவருக்கோ குண்டு மழையில் யார் எவர் என்றே தெரியாது. அதைவிட அந்த அருவி ஸ்டேஜ்! அதில் திரை மேல் நோக்கி நகரும். வேகமாக ஏறுகிறவன் திரையை இழுத்துக்கொண்டு போவான், கீழே தங்கியவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். எங்கள் கடையில் நடந்த அடிதடிகளில் பெரும்பாதி அந்த அருவியில் தொடங்கியது. உடைந்த ஜாய்ஸ்டிக்குகளின் கணக்கை எழுதியவள் என்ற முறையில் எனக்கு இந்த ஓரவஞ்சனைக்கு உரிமை உண்டு.

வேடிக்கை பார்ப்பதை வைத்து கேமை எடை போடுவது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டால், ஒரு தகவல். மற்றவர்கள் கேம் ஆடுவதை நேரலையில் காட்டுவதற்கென்றே 2011-இல் ‘ட்விட்ச்’ என்ற தளம் வந்தது. மூன்றே வருடத்தில் அமேசான் அதை ஏறக்குறைய 97 கோடி டாலருக்கு வாங்கியது. அப்பாவின் வியாபாரக் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

நாலாவது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. இரண்டாயிரத்துக்குப் பிறகு கடை பிரவுசிங் சென்டராக மாறி, நாலு கம்ப்யூட்டர்களைக் கேபிள் போட்டு இணைத்த காலம். 1999-இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்தது. ஆடு மேய்த்து, மரம் வெட்டி, வயல் போட்டு, படை திரட்டி, அடுத்தவன் கோட்டையை இடிக்க வேண்டும். பின்னால் நிற்கிற ஒவ்வொருவனும் மந்திரி. ‘கல்லு பத்தாதுடா, நாலு பேரை அங்க அனுப்பு’ என்று ஒருவன், ‘வடக்க யானை வருது’ என்று எதிரியின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஒற்றன் ஒருவன். தனியாக ஆடும்போது குறுக்கு வழி உண்டு: ‘ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்’ என்று இங்கிலீஷில் டைப் செய்தால், இடைக்காலப் போர்க்களத்தில் துப்பாக்கி வைத்த ஒரு கார் வந்து இறங்கும். அரையாண்டில் இங்கிலீஷ் பேப்பரில் கோட்டை விட்ட பையன்கள் அந்த வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடிப்பார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அது சாகவில்லை. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற இணைப்பில், அதுவரை மொத்தமாக ‘இந்தியர்கள்’ என்றிருந்ததைப் பிரித்து, திராவிடர்களைத் தனி நாகரிகமாக வைத்தார்கள். உருமி வாள் சுழற்றுகிற வீரர்களும் ‘திரிசடை’ என்ற போர்க்கப்பலும் அவர்களுக்கு மட்டும் உண்டு. ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு முழுக் கதைத்தொடரே இருக்கிறது. குதிரைப்படையை நம்பாமல் காலாட்படையையும் கடற்படையையும் நம்பி ஆட வேண்டும்.

ஐந்தாவது ‘ரோட் ராஷ்’. பைக் ஓட்டிக்கொண்டே பக்கத்து ஆளைச் சங்கிலியால் அடிக்கிற கேம். இதில் ஆழமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் கடையில் அதிகம் சிரிப்பு கேட்டது இதற்குத்தான். காரணம், விழுந்த பிறகு நடப்பது. பைக் ஒரு பக்கம் கிடக்கும், ஆள் ஒரு பக்கம் கிடப்பான். எழுந்து, போகிற வருகிற காருக்கு நடுவில், தன் பைக்கைத் தேடிப் பொடிநடையாக ஓடுவான். அவ்வளவு நேரம் வீரம் பேசியவன் வாய் திறக்கமாட்டான். போலீஸ் வேறு பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

நோக்கியாவின் பாம்பு? பின்லாந்தில் டானெலி அர்மாண்டோ எழுதி 1997-இல் 6110 போனில் வந்தது. நோக்கியா போன்கள் 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகின. எல்லாரையும் போல நானும் பேருந்தில் ஆடித் தீர்த்தவள்தான். ஆனால் தபால்தலை அளவுத் திரையை எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. விதி விதிதான், பட்டியலுக்கு வெளியே.

ஆறாவதாக ஒரு புதியது: ‘வெண்பா’, 2023. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்ப் பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளர்கிற மகன் கவின். அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. எழுத்து அழிந்த இடங்களில் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகித்து நீங்கள் சமைக்க வேண்டும். முதலில் இட்லி, பிறகு புட்டு, பிரியாணி என்று போகும். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. தமிழ்க் குடும்பத்தின் கேம் என்பதற்காக நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம், குறைகளும் சொல்வேன். ஒரு சினிமா ஓடும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. புதிர்கள், வீட்டில் சமைக்கிறவர்களுக்குப் புதிரே இல்லை.

ஆனால் விதிப்படி பார்த்தால் இது ஜெயிக்கிறது. நான் ஆட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கடை இருந்த காலம் முழுக்க ஒரு கேமைக்கூட ஏறெடுத்துப் பார்க்காதவள். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில், ‘அப்படி வெச்சா ஆவி எப்படிடீ மேல போகும்? தட்டைத் திருப்பு’ என்று அதட்டினாள். திருப்பினேன், சரியாக வந்தது. புட்டுக்கு மாவும் தேங்காயும் மாறி மாறிப் போடும்போது, தேங்காய் கஞ்சத்தனமாக இருக்கிறது என்று திரையிடம் முறையிட்டாள். கவின் வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்கிற கட்டத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் தம்பியிடம் போன் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். பட்டியலை அவனுக்கு அனுப்பியிருந்தேன். காண்ட்ரா இல்லாத பட்டியலைப் படிக்கமாட்டேன் என்று பதில் வந்தது. அருவியில் அவன் என்னை எத்தனை தடவை கீழே தள்ளியிருக்கிறான் என்று கேட்டேன். ‘நீ மெதுவா ஏறினா நான் என்னக்கா செய்றது?’ என்கிறான்.